அண்ணனுக்காகக் கேட்ட பூவரம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் குரல் பெரிதாகத்தான் இருக்கும். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்தியே பழகினவர்கள். என் அண்ணன் அதிலும் ஒரு படி மேலே. கல்யாணப் பந்தியில் அவர் ரசம் கேட்டால், மண்டபத்துக்கு வெளியே வண்டிகளுக்குக் காவல் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். தமிழில் பாதி, தெலுங்கில் கால், போர் போடப் போன ஊர்களில் பொறுக்கிய இந்தியில் மீதி என்று வாய் ஓயாமல் பேசுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு முதலில் நாக்குதான் போனது.

பேச்சு குழறியபோது ஊரே அதைக் குடி என்று முடிவு கட்டியது. குடிக்காத மனிதருக்குக் குடிகாரப் பட்டம் கிடைத்ததில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. பிறகு படியேறும்போது கால் மடங்கியது. சேலம், கோயம்புத்தூர் என்று அலைந்து கடைசியில் நரம்பு நோய் என்று சொன்னார்கள். உடம்பை அசைக்கச் சொல்லும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகுமாம், மருந்து கிடையாதாம். அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார் அந்த டாக்டர், ஆறுதல் சொல்கிறவர் மாதிரி. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அது ஆறுதல் இல்லை என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது தெரிந்தது.

நான் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் பெண்கள் விடுதியில் வார்டன். இருநூறு பெண்களை ஒரு பார்வையில் அடக்கிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. சனிக்கிழமையானால் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். ஒவ்வொரு முறை போகும்போதும் அவரிடம் இன்னும் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். கடைசியில் கண் மட்டும் மிஞ்சியது. கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம், இறுக மூடினால் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் க, ச, த, ப என்று எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போவேன். வேண்டிய எழுத்து வந்ததும் கண் மேலே போகும். அப்புறம் அதற்குக் காலா, கொம்பா, சுழியா என்று கேட்க வேண்டும். ஒரு வார்த்தை வருவதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும்.

அதனால் அந்த வழியை நாங்கள் அதிகம் பயன்படுத்தவில்லை. ஃபேன் போடட்டுமா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, டீவி போதுமா. ஒரு வருஷத்துக்கு மேல் அவரிடம் கேட்ட கேள்விகள் இவ்வளவுதான். அண்ணி அவரைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. தினமும் சவரம் செய்து, பவுடர் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வைத்திருப்பார். மூச்சுக்கு உதவியாக முகத்தில் கட்டுகிற மாஸ்க்கும் அதற்கான மெஷினும் வந்தபோது, அதைக் கழற்றி மாட்டுவதில் நர்சுகளையே மிஞ்சிவிட்டார்.

போன மார்கழியில் சளி கட்டி மூச்சு முட்டியது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு இருந்த அண்ணன் மகன் ராத்திரி பகலாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். இனிமேல் மாஸ்க் ரொம்ப நாளைக்குப் போதாது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினோடு இணைத்தால் வருஷக்கணக்கில்கூட உயிரோடு இருக்கலாம். ஆனால் இதே நிலைமையில்தான், இன்னும் கண்ணும் நின்றுபோகலாம். குழாய் வேண்டாம் என்றால் மூச்சு மெல்ல மெல்லக் குறையும், திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுக்கலாம். இரண்டில் எது என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணிதான் கடைசியில், பூவரம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார். டாக்டர் ஆத்தூருக்கும் கிழக்கே எங்கேயோ இருந்து வந்தவர். அவருக்கு அது விளங்கவில்லை. குலதெய்வத்தின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டவைத்து, மனதில் இருப்பதைக் கேட்டுக் காத்திருப்போம், வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம், இடது பக்கம் விழுந்தால் கூடாது என்று நான் விளக்கினேன். பெண் கொடுப்பதா, காடு கழனி வாங்குவதா, ஆபரேஷன் செய்வதா, எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் பூதான். அவர் சிரிக்கவில்லை. சீக்கிரம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் கோயில் பரமத்தி வேலூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருக்கிறது. விடிந்ததும் போய்விட்டோம். அண்ணி ஈரத் தலையோடு சாமிக்கு நேரே நின்றார். பூசாரி வெள்ளை அரளியை நனைத்து இரண்டு தோளிலும் வைத்தார். குழாய் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. பூவைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு பூவின் காம்பு லேசாக அசைந்தது, நின்றது. பிறகு வலது பக்கத்துப் பூ சரிந்து, சாமியின் மடியில் விழுந்தது.

அண்ணி அப்படியே உட்கார்ந்து அழுதார். அண்ணன் பையன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, பொய் சொல்வானேன். இனி எங்களில் யாரும் அவரைக் கைவிட்டவர் இல்லை, யாரும் வீணாக இழுத்துப் பிடித்தவரும் இல்லை. முடிவு மேலிடத்தில் ஆகிவிட்டது. திரும்பும் வழியில் வேலூரில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். பல நாளைக்குப் பிறகு அண்ணி வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, குழாய் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணி அவர் காதருகில் சொன்னார். அண்ணன் கண்ணை மூடினார். சாமியை நினைத்துக்கொள்கிறார் என்று அண்ணி கையைக் கூப்பினார். எனக்கு மட்டும் சுருக்கென்றது. அந்த இமைகள் இறுகியிருந்தன. ஃபேன் வேண்டாம் என்று சொல்லும்போது மூடுவாரே, அதே மாதிரி.

கண்ணைத் திறந்ததும் நேராக என்னைப் பார்த்தார். நான் குனிந்தேன்.

"அண்ணா, குழாய் வேண்டாமுங்களா?"

கண் மேலே போனது. தெரியாத்தனமாக இருக்கலாம் என்று மாற்றிக் கேட்டேன், வைத்துக்கொள்ளலாமா என்று. இமை இறுக மூடியது. அவ்வளவு தூரம் போய் ஒரு பூவைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். புத்தி தெளிவாக, காது தெளிவாக ஒரு மனிதர் கட்டிலில் கிடக்கிறார், அவரைக் கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்கள் எல்லார் மேலும் எரிச்சல்தான் வருகிறது.

பையன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். அப்பா மனசு ஒடிந்து கிடக்கிறார், மனசு ஒடிந்தவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்றான். வசதி இருந்தும் அப்பனைச் சாக விட்டவன் என்று காலத்துக்கும் பேசுவார்களே என்றான். அவன் சொன்னதில் முதல் பாதி என்னைப் பிடித்து நிறுத்தியது. ஏனென்றால் என் வேலையே அதுதான். பரீட்சையில் மார்க் குறைந்து, வீட்டை நினைத்து, யாரோ எதுவோ சொன்னதை நினைத்து, எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்கள் பக்கத்தில் விடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பேச்சை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அதே பெண்கள் அடுத்த மாதம் ஆண்டு விழாவில் ஆடுவார்கள். அண்ணன் சொல்வதை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

அதனால் அந்தப் பெண்களிடம் கேட்பது போலவே அவரிடமும் கேட்டேன். இன்று கேட்டதை நாளையும் கேட்டேன். காலையில் கேட்டதைச் சாயங்காலமும் கேட்டேன். பையனுக்குச் செலவு என்று நினைக்கிறாரா? இமை மூடியது. எங்கள் மேல் கோபமா? மூடியது. அண்ணி கஷ்டப்படுகிறார் என்றா? அதற்குக் கண் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை. சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரனுக்குக் காது குத்தும்வரை இருக்க வேண்டாமா என்று கேட்டபோது கண்ணில் நீர் வந்தது. அப்போதும் அவர் பதிலை மாற்றவில்லை. பிறகு ஏதோ சொல்ல வருகிறார் என்று பார்வையில் தெரிந்து எழுத்து வரிசை சொல்ல ஆரம்பித்தேன். வந்த வார்த்தை "போதும்". அடுத்த வார்த்தை "ஊடு". வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரே தனியாக வெகுநேரம் கேட்டார். வெளியே வந்து, இவர் தெளிவாக இருக்கிறார், குழாய் வேண்டாம் என்று சொல்ல இவருக்கு உரிமை இருக்கிறது, சட்டத்திலும் அதற்கு இடமிருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் இன்னொரு வார்த்தை சொன்னார். "ஊசி". வலிக்கு ஊசியா என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. இமை மூடியது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மெஷின் வேண்டாம் என்றால் நான் வைக்கமாட்டேன், திணறலைக் குறைக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்வேன், ஆனால் உயிரை முடிக்கிற ஊசியை நான் போட முடியாது, இந்த நாட்டில் யாரும் போட முடியாது என்றார். அதைத் திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னது நான்தான். என் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான காரியம் செய்ததில்லை.

குழாய் வைக்காமல் விட்டால் அது அவர் விருப்பம், ஊசி போட்டால் கொலை. நியாயம் பேசுகிறவர்களுக்கு நடுவில் கோடு பளிச்சென்று தெரிகிறது. படுத்திருக்கிறவருக்கு அந்த இரண்டுக்கும் இடையில் கிடப்பது முழுக்க மூச்சுத் திணறல். அவர் கேட்டதைக் கொடுத்தால் என்ன என்று அன்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் எங்கள் தெருவையும் எனக்குத் தெரியும். எந்தெந்த வீட்டில் எந்தக் கிழவருக்குச் சோறு போடும்போது மருமகள் முகம் எப்படிப் போகிறது, காட்டைப் பிரிக்க யார் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஊசி கேட்டால் கிடைக்கும் என்று ஆகிவிட்டால், கேட்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்துவிடும். இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. இன்றைக்கும் அதில் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பையன்தான் பிடிவாதமாக நின்றான். குழாய் வைக்கத்தான் வேண்டும், சாமியே சொல்லியாகிவிட்டது என்றான். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். போர் போடும்போது எண்ணூறு அடி போயும் புழுதிப் புகைதான் வருகிறது, தண்ணீர் இல்லை, மெஷினை நிறுத்துவதா இன்னும் இறக்குவதா என்று யாரைக் கேட்பாய் என்று கேட்டேன். காட்டுக்காரரைத்தான், நிலம் அவருடையதுதானே என்றான். அவர் தம்பி பக்கத்தில் நின்று சொன்னால்? கேட்கமாட்டோம், காட்டுக்காரர் தன் வாயால் சொன்னால்தான் நிறுத்துவோம், இல்லாவிட்டால் பின்னால் தகராறு வரும் என்றான். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"போர் வேற, அப்பன் வேறங்க அத்தை" என்றான்.

நிஜம்தான். நான் பெரிய வக்கீல் மாதிரி மடக்கிவிட்டதாக நினைத்திருந்தது அந்த ஒரு வரியில் போய்விட்டது. அவன் எழுந்து கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய் நெடுநேரம் நின்றான். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனான். கதவுக்கு வெளியே இருந்து பார்த்தேன். குனிந்து ஏதோ கேட்டான். பிறகு அவர் மார்பில் தலையை வைத்துக்கொண்டான். வெளியே வந்து, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க என்றான்.

சளி குறைந்ததும் மாஸ்க்கோடு வீட்டுக்கு வந்தோம். வீடுகளுக்கு வந்து வலிக்கும் திணறலுக்கும் மருந்து கொடுக்கிற ஒரு நர்சு வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். திணறல் வந்தால் நாக்குக்கடியில் விடச் சொட்டு மருந்து கொடுத்து, அண்ணிக்குப் பழக்கினார். நான் விடுதியில் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன்.

அண்ணி என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவார், என் சேலையையும் சேர்த்துத் துவைத்துப் போடுவார், பேச்சு மட்டும் கிடையாது. சாமி கொடுத்த உத்தரவைத் தட்டிவிட்டோம், அதற்கு நான்தான் காரணம் என்பது அவர் கணக்கு. தினமும் விளக்கு வைத்து மன்னிப்புக் கேட்டார். குத்தம் என் புருஷன் மேல் விழ வேண்டாம், என் மேல் விழட்டும் என்று அவர் முணுமுணுத்தது சமையலறைவரை கேட்கும். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சாமியோடு நான் எப்படி வாதாடுவது? நாற்பது வருஷம் அண்ணன் குரலை மட்டுமே கேட்டு வாழ்ந்தவரிடம், அந்தக் குரல் போன பிறகு அவரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் யார்?

ஒரு மத்தியானம் குழாயடியில் மாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டாவது மாஸ்க் அண்ணன் முகத்தில் இருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அம்மிணி, அன்னிக்குக் கோயில்ல நான் கேட்டது எனக்கோசரம். அவிய எனக்கு வேணும்னு கேட்டேன், சாமி குடுத்துருச்சு. அவியளுக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்லீல்ல."

மாஸ்க்கை உதறி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அண்ணன் படுத்திருந்த அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அண்ணனிடம் என்ன கேட்டார், எத்தனை கேட்டார், எழுத்து வரிசை தெரியாதவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வெயில் சாய்கிற நேரத்துக்கு வெளியே வந்து அடுப்பு பற்றவைத்தார். கண் வீங்கியிருந்தது. எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டார். அன்றிலிருந்து மறுபடியும் பேசினோம்.

தை பிறந்து சில நாட்களில் ஒரு காலையில் மூச்சு மாறியது. மாஸ்க் இருந்தும் மார்பு ஏறவில்லை. அண்ணி சொட்டு மருந்தை விட்டார், நர்சுக்கு போன் செய்தோம். வந்துகொண்டிருக்கிறேன், பயப்படாதீர்கள், மருந்தை இன்னொரு முறை விடுங்கள் என்றார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பையனைக் காணோம். என்ன இருந்தாலும் மகன். சற்று நேரத்தில் தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதுதான் அவன் போன் செய்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

அந்தச் சத்தத்துக்கு அண்ணன் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் மறக்க மாட்டேன். நான் எழுவதற்குள் அண்ணி எழுந்துவிட்டார். வாசலுக்குப் போய் வண்டிக்கு முன்னால் நின்று, வேண்டாம் சாமி, நீங்க கிளம்புங்க என்று சொன்னது உள்ளே கேட்டது. வந்தவர்கள் ஏதோ தயங்கியிருக்க வேண்டும். வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று அண்ணி மறுபடியும் சொன்னார். பையன் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் கால் பக்கத்தில் உட்காரவைத்தார். வண்டி சத்தம் இல்லாமல் திரும்பிப் போனது.

நர்சு வந்து மருந்தைச் சரி செய்தபிறகு திணறல் அடங்கியது. அண்ணி அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் சுளிப்பு போய்விட்டது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அடுத்த மூச்சு வரவில்லை.

சொந்தம் எல்லாம் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. ரிக் வண்டிக்காரர்கள் மட்டுமே தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எழவு வீட்டில் எப்போதும் ஒருத்தர் இருப்பாரே, பள்ளிபாளையத்திலிருந்து வந்த பங்காளிப் பெரியவர் அப்படி. நாற்காலியில் உட்கார்ந்ததும், ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தும் திருப்பி அனுப்பினார்களாமே, இத்தனை வசதி இருந்தும் கடைசியில் ஒரு மெஷின் வைத்துப் பார்க்கவில்லையாமே, யார் எடுத்த முடிவு இது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயைத் திறந்தேன், அவரைக் கிழித்துப் போடத்தான்.

அண்ணி என் கையைப் பிடித்து அமர்த்தினார். அந்தப் பெரியவருக்கு முன்னால் அதுவரை அவர் குரல் உயர்ந்ததே கிடையாது. ஆண்கள் பேசுகிற இடத்தில் நிற்கக்கூட மாட்டார். அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"அவிய எடுத்த முடிவுங்க மாமா. நான் கேட்டேன், அவிய சொன்னாங்க."